கடல் அரிக்கும் குப்பத்துக்குத் திட்டம் போடுவது எப்படி: மணல் கணக்கிலிருந்து கிராம சபைத் தீர்மானம் வரை

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இறங்கிப் போனால் வரும் ஒரு குப்பத்தில், அலை உடைகிற இடத்தில் நாலைந்து சிமெண்ட் உறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கின்றன. முதல் தடவை பார்த்தபோது ஏதோ கழிவுநீர்க் குழாய் என்று நினைத்தேன். ஊர்க் கிணறாம். சுற்றியிருந்த மண்ணைக் கடல் கொண்டுபோய்விட்டது, உறை மட்டும் மிச்சம். "அதுக்கும் அந்தாண்ட ரெண்டு தெரு இருந்துச்சு தம்பி" என்று வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் கை நீட்டினார். அவர் காட்டிய இடத்தில் ஒரு ஃபைபர் படகு போய்க்கொண்டிருந்தது.

இந்த மாதிரி ஊர்களில் கூட்டம் போட்டால் பேச்சு ஒரே இடத்தில்தான் தொடங்கும்: "கல்லு கொட்டச் சொல்லுங்க." கேட்பதில் தப்பில்லை. ஆனால் கல் வருவதற்குள் என்ன செய்வது, வந்தால் அது எத்தனை வருடம் தாங்கும், பக்கத்து ஊருக்கு என்ன ஆகும், தாங்காவிட்டால் எங்கே போவது? இதற்கெல்லாம் ஊரிடம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைத் தயாரிக்கத்தான் இந்த வழிகாட்டி. ஊர்ப் பஞ்சாயத்தார், மகளிர் குழு, படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு வருடத்தில் முடிக்கலாம். செலவு இரண்டு குச்சி, ஒரு கயிறு, ஒரு நீளமான நோட்டு.

படி 1: உங்கள் மணல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

கடற்கரை என்பது நிற்கிற மண் இல்லை, நடக்கிற மண். சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க அலை மணலை வடக்கே தள்ளுகிறது. வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் வடக்கே போகிறது. நடுவில் யாராவது குறுக்கே ஒரு சுவர் வைத்தால், அதன் தெற்கில் மணல் குவியும், வடக்கில் பஞ்சம் வரும்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1870களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர் உட்கார்ந்திருப்பது வடசென்னைக்குப் போயிருக்க வேண்டிய மணலில்தான். புதுச்சேரியிலும் அதே கதை: அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் 1989இல் துறைமுகம் வந்தது. தெற்கில் தேங்கும் மணலை வடக்கே இறைத்துவிடும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக ஓடவில்லை. நகரத்தின் மணல்கரை போய்க் கல் மட்டும் நின்றது. அப்புறம் நகரத்தையும் அதன் வடக்குக் குப்பங்களையும் காக்கக் கல் கொட்டக் கொட்ட, அரிப்பு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது.

ஆகவே முதல் வேலை ஒரு வரைபடம். உங்கள் ஊருக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டர் வரை என்னென்ன இருக்கிறது? துறைமுகம், தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் சுவர்), முகத்துவாரத்தில் கட்டிய சுவர், ஆற்றில் தடுப்பணை, மணல் குவாரி எல்லாவற்றையும் கட்டிய வருடத்தோடு குறியுங்கள். ஆற்று மணலும் கடைசியில் கடற்கரைக்குத்தான் வந்து சேர வேண்டும். அதை லாரியில் ஏற்றிவிட்டால் கரைக்கு வரவு குறையும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போடுவது இப்போது வசதியாகிவிட்டது. கடல்மட்டம் உயர்வது உண்மை, வருங்காலத்தில் அதுவே பெரிய தலைவலியாக இருக்கும். ஆனால் இன்றைக்கு இந்தக் கரையில் தெருக்களைத் தின்பது பெரும்பாலும் தடுக்கப்பட்ட மணல். கட்டியவர்களுக்கு அதில் பொறுப்பு உண்டு என்பதை உங்கள் வரைபடம் சொல்ல வேண்டும்.

படி 2: பழைய கரையைத் தாளில் கொண்டுவாருங்கள்

ஊரில் வயதான நாலு ஆண்களையும் நாலு பெண்களையும் உட்கார வையுங்கள். பெண்களை விட்டுவிடாதீர்கள். ஆண்கள் படகு நின்ற இடத்தைச் சொல்வார்கள். கருவாடு காயவைத்த இடம், குடிதண்ணீர் எடுத்த கிணறு, அது எந்த வருடம் உப்பானது என்பதையெல்லாம் பெண்கள்தான் சரியாகச் சொல்வார்கள். "எத்தனை மீட்டர்" என்று கேட்காதீர்கள். "கோயிலிலிருந்து கரைக்கு எத்தனை கட்டுமரம் படுக்க வைக்கலாம்?" என்று கேளுங்கள். வருடமும் அப்படித்தான்: பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியா, சுனாமிக்கு அப்புறமா என்று கேட்டால் வந்துவிடும்.

அந்த நினைவை ஆவணத்தோடு பொருத்துங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடமும் அ-பதிவேடும் இருக்கும். அதில் பட்டா நிலமாகக் காட்டிய சர்வே எண்களில் எவை இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன? அந்தப் பட்டியல் உங்கள் மனுவில் பல பக்கக் கண்ணீரைவிட அதிகம் பேசும். கூகுள் எர்த் ப்ரோவில் பழைய படங்களுக்குப் பின்னோக்கிப் போகலாம், இலவசம். சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990இலிருந்து செயற்கைக்கோள் படங்களை வைத்து நாடு முழுக்கக் கரையை அளந்திருக்கிறது. இந்தியக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிபடுகிறது, தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் ஊர் அந்த வரைபடத்தில் சிவப்பா பச்சையா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் பதற வேண்டாம், அடுத்த படி அதற்குத்தான்.

படி 3: நீங்களே அளங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். சொந்த அளவு உள்ள ஊரோடு அதிகாரிகள் பேசும் தொனியே வேறு.

ஊரின் தென்கோடி, நடு, வடகோடி என்று குறைந்தது மூன்று இடம் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் தொடக்கப்புள்ளி நகராததாக இருக்க வேண்டும். தென்னை மரம் வேண்டாம், மரமே ஒருநாள் போய்விடும். கோயில் மதில் மூலை, எண் எழுதிய மின்கம்பம், சமுதாயக்கூடத்தின் படி என்று ஒன்றில் பெயிண்ட்டால் குறி வையுங்கள்.

ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு நேரான குச்சி. மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு. இரண்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர் கயிறு. ஒருவர் குறி வைத்த இடத்தில் குச்சியை நட்டுப் பிடிக்க, இன்னொருவர் கயிறு இழுபடும்வரை கடல் பக்கம் போய் நட்டுப் பிடிக்கிறார். பின்னால் நிற்பவர் கண்ணைத் தாழ்த்தித் தாழ்த்தி, முன்குச்சியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்தக் கோடு தன் குச்சியில் எந்த எண்ணில் வெட்டுகிறதோ, அவ்வளவு சென்டிமீட்டர் மணல் அங்கே இறங்கியிருக்கிறது. எழுதிக்கொண்டு இருவரும் இரண்டு மீட்டர் நகர வேண்டும், தண்ணீர் முட்டிவரை வரும்வரை. கரை மேடேறும் இடத்தில் மட்டும் தலைகீழ்: பின்குச்சியின் உச்சியிலிருந்து பார்த்து, முன்குச்சியில் வெட்டும் எண்ணைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். 1961இல் எமெரி என்ற அமெரிக்கக் கடலியலாளர் எழுதிவைத்த முறை இது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அரைமணி நேரத்தில் பழகிவிடுவார்கள். முதல் நாள் குச்சி சாய்ந்து எண்ணெல்லாம் கன்னாபின்னாவென்று வரும், கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

மாதம் ஒரு முறை, பௌர்ணமியை ஒட்டி, தண்ணீர் வற்றிய நேரத்தில் அளங்கள். தேதி, காற்று, கடைசியாகப் புயல் வந்தது எப்போது என்று பக்கத்தில் எழுதுங்கள். முந்தைய ஏற்றத்தில் அலை விட்டுப்போன குப்பைக்கோடு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதுதான் முக்கியமான எண், அதை வட்டமிடுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு போட்டோவும் எடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை கரை ஒடுங்கும், மாசிக்கு மேல் மணல் திரும்ப ஏறும். மார்கழி அளவை வைத்து "ஊரே போச்சு" என்றும், ஆனி அளவை வைத்து "ஒன்றுமில்லை" என்றும் சொல்ல முடியும். இரண்டும் பொய். பங்குனியைப் பங்குனியோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் எந்த மாதம் வந்தார்கள் என்றும் குறித்து வையுங்கள்!

படி 4: முப்பது வருடக் கோடு போடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன், எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். பழைய படங்களின்படி உங்கள் கரை வருடத்துக்கு 2 மீட்டர் பின்வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருடத்தில் 60 மீட்டர்.

அதன்மேல் கடல்மட்டம். உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை 20 சென்டிமீட்டர் ஏறியது. 2006க்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் மட்டும் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். இந்த நூற்றாண்டின் முடிவில் ஏற்றம் சுமார் 28 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை இருக்கலாம் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை நிபுணர் குழுவான ஐபிசிசியின் 6ஆவது அறிக்கை. எவ்வளவு கரி எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மணல்கரைக்கு ஒரு தோராய விதி உண்டு: கடல் ஒரு பங்கு ஏறினால் கரை 50 முதல் 100 பங்கு பின்வாங்கும். இந்த விதியை எல்லா நிபுணர்களும் ஒப்புக்கொள்வதில்லை. வேறு எளிய வழி இல்லாததால், எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். முப்பது வருடத்துக்கு 15 சென்டிமீட்டர் என்றால் ஏழரை முதல் 15 மீட்டர். கடைசியாக ஒரே புயலில் கரை எவ்வளவு கடிபட்டது என்று ஊருக்கே தெரியும். அது 15 மீட்டர் என்றால் அதையும் சேருங்கள்.

மொத்தம் சுமார் 90 மீட்டர். இன்றைய குப்பைக்கோட்டிலிருந்து 90 மீட்டர் உள்ளே சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போடுங்கள். வரைபடத்தில் போடுவதற்கும் தெருவில் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தன் வீட்டு அடுப்படிக்குள் கோடு போவதைப் பார்த்தால்தான் பேச்சு தொடங்கும். சண்டையும் தொடங்கும். அதற்கும் தயாராக இருங்கள்.

படி 5: சட்டத்தில் உங்கள் இடம் எது

கரையோரம் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்லும் மத்திய அரசின் 2011, 2019 ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம், இங்கே வேண்டியது மூன்று விஷயம். ஒன்று, கட்டடத் தடைப் பகுதி. ஊரகக் கரையில் பொதுவாக உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் கோடு) 200 மீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள இடங்களில் 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை இடம் கொடுத்தது. உங்கள் மாவட்டத்துக்கு ஒப்புதலான வரைபடத்தில் ஊர் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு, அதே வரைபடத்தில் ஆபத்துக் கோடு ஒன்று இருக்கும். அது அபாயத்தைக் காட்டுமே தவிர, கட்டுமானத்தைத் தடுக்காது. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம்: மீனவக் கிராமங்கள், படகு நிறுத்துமிடம், வலை பின்னுமிடம், மீன் உலர்த்துமிடம், ஏலம் விடுமிடம் போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும். பல ஊர்களுக்கு அந்த இடம் காலி மணலாகவே காட்டப்பட்டிருக்கிறது. விடுபட்டிருந்தால் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு உடனே எழுதுங்கள். ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பது படி 8இல் தெரியும்.

படி 6: தடுக்கும் வழிகளை எடை போடுங்கள்

கல் சுவர் பின்னால் உள்ள தெருவைக் காக்கும், முன்னால் உள்ள மணலைத் தின்றுவிடும். அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடிமணலைத் தோண்டிக்கொண்டு போகும். நாலைந்து வருடத்தில் கல் இறங்கும், மறுபடி கொட்ட வேண்டும். படகை எங்கே ஏற்றுவது? கரைவலை எங்கே இழுப்பது? பள்ளிக்கூடமோ தார்ச்சாலையோ போகப் போகிறது, நகர்த்த அவகாசம் இல்லை என்றால் கல் கேளுங்கள். ஆனால் எத்தனை வருடத்துக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தூண்டில் வளைவு கொஞ்சம் மணலைப் பிடித்து வைக்கும், படகு நிறுத்தவும் வசதி. பிடித்த மணல் அடுத்த ஊருடையது. வடக்கு ஊர் பஞ்சாயத்தாரைக் கூப்பிடாமல் தூண்டில் வளைவுக்குத் தீர்மானம் போடாதீர்கள். அடுத்த வருடம் அவர்கள் கேட்பார்கள், அதற்கடுத்த வருடம் அதற்கு வடக்கே உள்ளவர்கள்.

தண்ணீருக்கு அடியில் செயற்கைத் திட்டு போட்டு, மணலும் கொட்டுவது இன்னொரு வழி. புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் செய்தது. பல வருடமாக இல்லாத மணல் திரும்பியது, குழந்தைகள் விளையாடினார்கள். மலிவான வேலை இல்லை, ஒரு குப்பம் தனியாகக் கேட்டு வாங்கவும் முடியாது. குப்பங்கள் சேர்ந்து கேட்க வேண்டியது வேறு: துறைமுகத்தில் தூர்வாரும் மணலை ஆழ்கடலில் கொட்டாமல் வடக்குக் கரையில் கொட்டச் சொல்வது. விசாகப்பட்டினத்தில் தூர்வாரிய மணலைக் கடற்கரைக்கு ஊட்டுகிறார்கள், புதிய யோசனை ஒன்றும் இல்லை.

மணல்மேட்டை நீங்களே காக்கலாம். அடம்பு, ராவணன் மீசை இரண்டும் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கும். ரிசார்ட்டுக்காகவோ திருவிழாப் பந்தலுக்காகவோ மேட்டைச் சமப்படுத்துவதை முதலில் நிறுத்துங்கள். அலை தொடும் இடம்வரை சவுக்கு நடுவது எனக்கு ஒப்பில்லை. வேர் ஆழமாகப் போகாமல் முதல் புயலில் சாய்ந்து கிடக்கும், ஆமை முட்டையிடும் இடமும் போகும்.

இங்கிலாந்தில் கரை முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காப்பதா, கடல் பக்கம் முன்னேறுவதா, ஒழுங்கோடு பின்வாங்குவதா, விட்டுவிடுவதா என்று 20, 50, 100 வருடத்துக்குத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாமும் தெருவுக்குத் தெரு அப்படி எழுதலாம். ஆனால் வேல்ஸில் ஃபேர்போர்ன் என்ற ஊரை 2054க்குப் பிறகு காக்க முடியாது என்று சொன்னார்கள், மக்கள் எங்கே போவது என்று சொல்லவில்லை. வீட்டு விலை விழுந்தது, வங்கி கடன் கொடுக்க மறுத்தது. தேதியை மட்டும் சொல்வது திட்டமாகாது.

படி 7: மணியடிக்கும் கோடுகள்

எப்போது நகர வேண்டும் என்பதைப் புயல் இரவில் முடிவு செய்யக் கூடாது. இடம் பார்த்து, பட்டா வாங்கி, வீடு கட்டி முடிக்க ஐந்தாறு வருடமாவது ஆகும். வருடத்துக்கு 2 மீட்டர் என்றால் அதற்குள் 12 மீட்டர் போய்விடும். ஒரு புயலுக்கு 15 மீட்டர். ஆக, முதல் வரிசை வீட்டுக்கும் குப்பைக்கோட்டுக்கும் நடுவே 27 மீட்டர் மிச்சம் இருக்கும்போதே நிலம் கேட்டு மனு போயிருக்க வேண்டும். கொஞ்சம் தாராளமாக 35 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு பங்குனியில் அந்தக் கோட்டைத் தொட்டால் முதல் மணி. 25 மீட்டரில் இரண்டாவது மணி: அந்த வரிசையில் இனி புது வீடோ மாடியோ கட்டுவதில்லை என்று ஊர்க் கட்டுப்பாடு. 15 மீட்டரில் மூன்றாவது: வீட்டைக் காலி செய்வது. இந்த எண்களை ஊர் கூடித் தீர்மானித்து, சமுதாயக்கூடச் சுவரில் எழுதுங்கள்.

படி 8: பின்வாங்குவதென்றால் என்னென்ன கேட்பது

சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில், தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் வெளியே வந்தால் புது வீடு. வர மறுத்தால் பழைய வீட்டைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. வருகிறவர்கள் பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும். வீடு கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் விட்டுக்கொடுத்த கரை இனி யாருடையது என்ற கேள்வி பல ஊர்களில் இன்னும் ஓயவில்லை. மீனவருக்கு வீடு பின்னால் இருக்கலாம். கரை கையை விட்டுப் போகக் கூடாது. பின்வாங்குவதற்கு ஒப்புக்கொள்ளும் அதே தாளில், பழைய ஊர் இருந்த இடம் ஊரின் பொதுப் பயன்பாட்டு நிலமாகவே இருக்கும், வேறு யாருக்கும் குத்தகைக்கோ விற்பனைக்கோ போகாது என்று எழுதி வாங்குங்கள். படி 5இல் சொன்ன வரைபடம் அதற்கு ஆதாரம்.

ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் சதபாயா கிராமத்திலிருந்து 571 குடும்பங்களை 2018 முதல் பகபாட்டியாவுக்கு மாற்றினார்கள். மனையும் வீட்டுக்குப் பணமும் கொடுத்தார்கள். பயிர் செய்ய நிலம் இல்லாததால் வேலை தேடி வெளிமாநிலம் போனவர்கள் பலர். கேரளத்தில் புனர்கேகம் திட்டம் அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறது, நிலத்துக்கு 6, வீட்டுக்கு 4. கடலுக்குப் பக்கத்தில் அந்த விலைக்கு நிலம் எங்கே கிடைக்கிறது என்பதுதான் அங்கே உள்ளவர்களின் கேள்வி.

இதிலிருந்து நாம் கேட்க வேண்டியது: புது இடம் கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும், விடிகாலை மூன்று மணிக்கு என்ஜினைத் தோளில் சுமந்து போகிறவருக்கு எது நடக்கும் தூரம் என்று அவரிடமே கேளுங்கள். வலைக்கும் என்ஜினுக்கும் கரையிலேயே கொட்டகை. தெருவாகச் சேர்ந்து போவது, குலுக்கலில் பிரிக்கக் கூடாது. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும். வீட்டை எண்ணாமல் அடுப்பை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கூரைக்குக் கீழே மூன்று குடும்பம் இருப்பது அதிகாரிக்குத் தெரியாது. மீன் விற்கும் பெண்களுக்குக் காலைப் பேருந்து. வாடகைக்கு இருப்பவர்களையும் பட்டியலில் சேருங்கள், அவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

படி 9: பணமும் மனுவும்

பேரிடர் நிவாரண நிதிக்கென மத்திய அரசு பட்டியலிட்ட 12 இயற்கைப் பேரிடர்களில் கடலரிப்பு இல்லை. புயலில் வீடு விழுந்தால் நிவாரணம், மெதுவாக மண் போய் விழுந்தால் இல்லை. கேரளம் கடலரிப்பை மாநிலப் பேரிடராக அறிவித்துக்கொண்டது. 15ஆவது நிதிக் குழுதான் 2021–26 காலத்துக்கு அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும், இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும் தனியாகப் பரிந்துரைத்தது. "மாற்றுக் குடியமர்த்தலுக்கு" என்று தேசிய நிதியில் தலைப்பே வந்துவிட்டது. மனுவில் அதைக் குறிப்பிடலாம்.

மனு இரண்டு பக்கம் போதும். இணைப்பாக மணல் வரைபடம், கடலுக்குள் போன சர்வே எண்கள், அளவு நோட்டின் நகல், மணியடிக்கும் கோடுகள், அடுப்புக் கணக்கு. ஆட்சியருக்கும், மீன்வளத் துறைக்கும், கரைப் பாதுகாப்பு வேலை பார்க்கும் நீர்வளத் துறைக்கும் ஒரே நாளில் கொடுத்து, மூன்றிலும் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். அதற்கு முன் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். மே 1 சபை வசதியானது: பங்குனி அளவு கைக்கு வந்திருக்கும். அக்டோபர் 2 சபையில் வாடை தொடங்கும் முன் எந்தெந்த வீடு மூன்றாவது மணிக்கு அருகில் இருக்கிறது என்று பெயர் படியுங்கள். ஊர் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ இருந்தால் பகுதி சபை.

வருகிற பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டரைப் பாருங்கள். அதற்குள் குச்சி இரண்டும் தயாராக வேண்டும்.